செங்கமலம் சொன்ன தூரம்

அடைக்கலத்துக்கு இங்கிலீஷில் ஒரு சொல்லின் மேல் தீராத காதல். ரிமோட் என்பது அந்தச் சொல். இன்றைக்கு வீட்டுக்கு வீடு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து அமுக்கித் தள்ளுகிறார்களே, அந்தச் சாமானை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது முப்பத்தொன்பதாம் வருஷத்துச் சங்கதி. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். அதற்கென்று தனிக் காசு, தனிப் போலீஸ், தனிக் கோர்ட்டு எல்லாம் உண்டு. அந்தக் கோர்ட்டுகளில் ஒன்றில் அடைக்கலம் டிரான்ஸ்லேட்டர். எந்தக் கோர்ட்டு என்று கேட்டு என்ன ஆகப்போகிறது, விடுங்கள். சாட்சிகள் தமிழில் சொன்னதை இங்கிலீஷில் எழுதி அப்பீலுக்கு மேலே அனுப்ப வேண்டும். மேலே இங்கிலீஷில் எழுதுகிற தீர்ப்பைத் தமிழாக்கி, சம்பந்தப்பட்டவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதுதான் அவருடைய உத்தியோகம்.

இலுப்பூருக்கு மேற்கே ஒரு பட்டிக்காரர்கள் ரோடு கேட்டு மனுப் போட்டபோதுதான் அந்தச் சொல் முதன்முதலாக அவர் கையில் சிக்கியது. எட்டாக்கையில் கிடக்கிற ஊர் என்பதை எப்படி எழுதுவது என்று அகராதியைப் புரட்டினார். கிடைத்தது. ரோடு கிடைத்ததா என்பது வேறு கதை. அப்புறம் ஒரு வாரிசு வழக்கில், ஏழு தலைமுறைக்கு அப்பால் சொந்தம் கொண்டாடிக்கொண்டு ஒரு பங்காளி வந்து நின்றான். அவனுக்கும் அதே சொல் பொருந்தியது. நார்த்தாமலைப் பக்கத்துக் கோயில் நிலத்துத் தகராறில் ‘ஆதி காலந்தொட்டு’ என்று ஒரு கிழவர் சாட்சி சொன்னார். அதற்கும் அதுவே. யாரோடும் முகங்கொடுத்துப் பேசாத மிராசுதார் ஒருவரைப் பற்றி எழுதவும் உதவியது. நடக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் நடப்பது அரிது என்று நாசூக்காகச் சொல்லவும் அதுதான். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வேலை வாங்கலாமா என்று அடைக்கலம் மாய்ந்து போவார்.

சாப்பிடும்போது மனைவி சொர்ணவல்லியிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அந்த ஒத்த வார்த்தைய மட்டும் எனக்குச் சொல்லிக் குடுத்துருங்க. நானும் போயி சர்க்கார் சம்பளம் வாங்கியாறேன்” என்பாள்.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு கொலை வழக்கு வந்தது. கண்மாய் மடைக்குக் காவல் இருந்த மதுரைவீரன் என்பவனை, நல்ல உச்சிப்பொழுதில், யாரோ மண்வெட்டியால் மண்டையில் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் இருளாண்டி என்கிற குடியானவன் தன் வயலுக்குத் தண்ணீர் விடவில்லை என்று அவனோடு ஊரறியக் கட்டிப் புரண்டிருக்கிறான். போதாதா? போலீஸ்காரர்கள் நேரே இருளாண்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இருளாண்டி கரைமேல் ஓடியதைக் கண்ணால் கண்டேன் என்று மலையாண்டி என்று ஒருவன் சாட்சி சொன்னான். அவன் கண்டது நிஜமோ பொய்யோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இருளாண்டி அந்த நேரத்தில் தன் வீட்டில் இருந்தான். அதைச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், அவன் பெண்டாட்டி செங்கமலம். அவர்கள் வீடு ஊரை ஒட்டி இல்லை, வயக்காட்டுக்குள் ஒற்றை வீடு. அக்கம்பக்கம் என்று கூப்பிட ஒரு நாதி கிடையாது. இருந்த பிள்ளைகள் இரண்டும் சாட்சி சொல்லுகிற வயசு இல்லை. அவள் பேச்சு எடுபட்டால் அவன் தலை தப்பும், இல்லாவிட்டால் தூக்குதான்.

செங்கமலம் கூண்டில் ஏறினாள். கோர்ட்டு நிறைய ஆம்பிளைகள். வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அடைக்கலம் ஜட்ஜுக்குக் கீழே மேசையில் உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்கு ஒம் புருசன் எங்க இருந்தான்?” என்று கேட்டார் சர்க்கார் வக்கீல்.

“வீட்டுலதான் இருந்தாகங்க. காலையிலேருந்து உச்சி சாஞ்சு வெகு நேரம் வரைக்கும் எங்கிட்டும் போகலை. எங் கண்ணு முன்னாடியேதான் இருந்தாக.”

“வெள்ளாமைக் காலத்துல வயலுக்குப் போகாம வீட்டுல அவனுக்கு என்ன வேலை?”

“அவுகதான் சோறு காச்சுனாகங்க.”

“அவன் எதுக்குக் காச்சுறான்? நீ எதுக்கு இருக்கே?”

செங்கமலம் ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டாள். “நான் தூரமுங்க” என்றாள்.

சர்க்கார் வக்கீலுக்கு அது புரியாமல் இல்லை. அவர் வீட்டிலும் பெண்கள் உண்டு. ஆனாலும் கூட்டத்தைக் கண்டால் சில பேருக்கு வாய் நிற்காது. “என்னம்மா தூரம்? கூப்பிடு தூரமா, கல்லெறி தூரமா?” என்றார். கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. வாசலில் நின்ற சேவகன்கூடச் சிரித்தான். சீ, என்ன மனுஷர்கள்!

அவளுக்கு முகம் கன்றிப் போயிற்று. அழுதுவிடுவாள் என்று அடைக்கலம் நினைத்தார். அவள் அழவில்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “வீட்டுக்குத் தூரமுங்க. அன்னைக்கு மூணாம் நாளு. கொல்லையில குச்சுக்குள்ள உக்காந்திருந்தேன். நான் அடுப்பைத் தொடக் கூடாதுல்ல, அதுனால அவுக காச்சி, பிள்ளைகளுக்கு ஊத்தி, எனக்கும் எலையில வச்சு எட்ட வச்சுட்டுப் போனாக. எங் கண்ணு முன்னாடிதான் வேலி கட்டிக்கிட்டிருந்தாக. இதுக்கு மேல எப்புடிச் சொல்லணும் சாமி?”

சிரிப்பு நின்றது. ஜட்ஜ் வக்கீலைக் கடிந்துகொண்டு, அந்தக் கேலிக் கேள்வியைப் பதிவிலிருந்து அடிக்கச் சொன்னார். ஆனாலும் கட்டின புருஷனுக்காகப் பெண்டாட்டி எதையும் சொல்லத்தான் செய்வாள் என்று சொல்லி, மலையாண்டியை நம்பி இருளாண்டிக்குத் தூக்குத் தண்டனை எழுதினார். பாக்கி இருந்தது அப்பீல் ஒன்றுதான்.

மேலே போகிற காகிதக் கட்டு அடைக்கலத்திடம் மொழிபெயர்க்க வந்தது. செங்கமலத்தின் வாக்குமூலத்தை எடுத்தபோது அவருக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னொரு தரம் காதில் கேட்டது. மேல் கோர்ட்டில் இதைத் துரைமார்கள் படிப்பார்கள், வக்கீல்கள் சத்தம் போட்டு வாசிப்பார்கள். ஒரு குடும்பத்துப் பெண்ணின் அந்தரங்கத்தை அங்கேயும் கடை விரிக்க வேண்டுமா என்று நினைத்தார். பாவம், ஒரு தரம் பட்டது போதும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல எண்ணம் மட்டுமா? அவருக்கே அதை எழுதக் கூசியது. பதினாறு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பேச்சு அவரும் சொர்ணவல்லியும் பேசிக்கொண்டதில்லை. மாதத்தில் மூன்று நாள் அவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். மூத்த மகள் சமைப்பாள். இவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுக் கோர்ட்டுக் கச்சேரிக்குப் போய்விடுவார். வாயால் சொல்லாததைக் கையால் எப்படி எழுதுவது? அதுவும் சர்க்கார் காகிதத்தில்?

தூரம் என்றுதானே சொன்னாள், தூரம் என்றே எழுதிவிடுவோம் என்று முடிவு பண்ணினார். தூரத்துக்கு அவரிடம் இல்லாத சொல்லா? நான் வீட்டுக்கு ரிமோட்டாக இருந்தேன், அது மூன்றாம் நாள், ஆகையால் என் கணவரே சமைத்தார் என்று அழகான இங்கிலீஷில் எழுதினார். கொல்லையில் இருந்த குச்சு, தனியாக இருந்த ஒரு சிறு குடிசை என்று ஆயிற்று. கொல்லையையும், அவளுக்கு எட்ட வைத்த இலையையும் போட்டால் கதை வெளிப்பட்டுவிடும் என்று அவற்றைத் தவிர்த்துவிட்டார். எழுதி முடித்து ஒரு தரம் வாசித்துப் பார்த்தார். யார் மனமும் புண்படாது என்று திருப்தியாக இருந்தது.

ஆடி மாதம் தீர்ப்பு வந்தது. தமிழாக்கி இருளாண்டிக்கும் அவன் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கட்டு அடைக்கலத்தின் மேசைக்கு வந்தது. பேனாவைத் தொட்டுக்கொண்டு வழக்கம்போல வாக்கியம் வாக்கியமாக எழுதிக்கொண்டு போனார். நாலாம் பக்கத்தில் கை நின்றது.

அப்பீலை விசாரித்த ஜட்ஜ் வேற்றுச் சீமைக்காரர், தமிழ் தெரியாதவர். அவர் எழுதியிருந்தது இதுதான்: ‘குற்றம் சாட்டப்பட்ட எதிரியின் மனைவி தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறாள். அவள் அன்றைக்கு வீட்டை விட்டு வெகு தொலைவில், தனியான ஒரு குடிசையில் இருந்திருக்கிறாள். போய் மூன்று நாள் ஆகியிருக்கிறது. அவள் இல்லாததனால்தான் எதிரி தானே சமைத்துச் சாப்பிட வேண்டி வந்தது. அப்படியிருக்க, அவன் தன் கண் முன்னாலேயே இருந்தான் என்று கூசாமல் பொய் சொல்கிறாள். இப்படிப்பட்டவள் பேச்சில் உண்மை இருப்பதற்கான சாத்தியம்...’ அந்த இடத்தில் ஜட்ஜும் அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தார். சாத்தியம் மிகவும் ரிமோட்.

அடைக்கலம் அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படித்தார். ஜட்ஜின் பேரில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. காகிதத்தில் இருந்ததை அந்த மனுஷர் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார். சமையல், மூணாம் நாள், குடிசை எல்லாம் கச்சிதமாக ஒன்றோடு ஒன்று பொருந்தி, ஒரு உண்மை பச்சைப் பொய்யாக நின்றது. சர்க்கார் செலவில் இருளாண்டிக்கு வைத்துக் கொடுத்த வக்கீலும் திருச்சியிலிருந்து அப்பீல் விசாரணை அன்று காலைதான் வந்து இறங்கி, இங்கிலீஷ்க் கட்டை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கிறார். தமிழ் மூலத்தை யாரும் தொடவே இல்லை.

வாசித்துக் காட்டுகிற நாளில் இருளாண்டி விலங்கோடு நின்றான். இந்தப் பக்கம் செங்கமலமும், ஊருக்குள்ளே தனியாக இருக்கிற அவள் மாமியார் முத்துமாரியும், ஊர்க்காரர்கள் நாலு பேரும். அடைக்கலம் எழுத்துப் பிசகாமல் வாசித்தார். ‘வீட்டை விட்டு வெகு தொலைவில்’ என்ற இடம் வந்ததும் செங்கமலம் திகைத்துப் போய், “ஐயா, நான் அப்புடிச் சொல்லலையே! எங்க வீட்டுக் கொல்லையிலதானே இருந்தேன்!” என்று கத்தினாள்.

“குறுக்கே பேசாதே” என்று சேவகன் அதட்டினான்.

“நான் சொன்னப்ப இந்த ஐயா இங்கதானே உக்காந்திருந்தாக! கேளுங்க சாமி, அவுகளையே கேளுங்க!”

அடைக்கலம் தலை நிமிரவில்லை. அடுத்த வரியை வாசித்தார். அதற்கடுத்த வரியையும் வாசித்தார். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. அதை என்னவென்று சொல்வது? பயம்தான். கடைசி வரை வாசித்து முடித்தார்.

மாமியார்க்காரி அங்கேயே மருமகளைப் பிடித்துக்கொண்டாள். “மூணு நாளா வீட்டுல இல்லையாமே! எங்கடி போயிருந்தே? எவங்கூடடி போயிருந்தே? எம் மவன் பொட்டச்சி மாதிரி கஞ்சி காச்சிக்கிட்டுக் கெடந்திருக்கான்!” ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருளாண்டி மட்டும், “ஆத்தா, அவள ஒண்ணும் சொல்லாத. அவ வீட்டுலதான் இருந்தா” என்று சொன்னான். தூக்குக்குப் போகிறவன் பேச்சை யார் காதில் வாங்குகிறார்கள்? அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அடைக்கலம் கோர்ட்டுத் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தாரிடம் போய் மென்று விழுங்கிச் சொன்னார். சிரஸ்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓய், உமக்குப் புத்தி பிசகிப் போச்சா? நீர் எழுதினது தப்புன்னு நீரே சொன்னா, இத்தனை வருஷம் நீர் எழுதின அத்தனையும் தப்புன்னு தோத்தவனெல்லாம் வரிசை கட்டி வந்து நிப்பான். உம்ம வேலையும் போகும், என் வேலையும் போகும். பேசாம போம்.”

பேசாமல் போனார். இரண்டு நாள் பேசாமலே இருந்தார். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சொர்ணவல்லி, “ஒடம்புக்கு என்னங்க?” என்று கேட்டபோது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கொட்டினார் என்றா சொன்னேன்? அந்த இடம் வந்ததும், ‘அதுதான்... பெண்கள்... மூன்று நாள்...’ என்று திணறினார். அவளுக்குப் புரிந்தது. அவள் முகம் மாறியது.

“ஒரு உசுரு போகப் போகுதுங்கறீங்க. அதை எங்கிட்டச் சொல்லிக்கிட்டு இங்கனயே நிக்கிறீங்களே” என்றாள்.

அன்றைக்கே பஸ் ஏறித் திருச்சி வக்கீலைப் போய்ப் பார்த்தார். வக்கீல் சின்ன வயசுக்காரர். கருணை மனு போடலாம், டிரான்ஸ்லேட்டரே சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒருவேளை கேட்பார்கள் என்றார். பிறகு தயங்கினார். “அது சரி, இங்கிலீஷ்ல அதுக்கு என்னன்னு எழுதியிருக்கணும்?”

அடைக்கலம் முழித்தார். வக்கீலும் முழித்தார். இருவரும் படித்தவர்கள். ஒருவர் காதல் கொண்டு இங்கிலீஷ் படித்தவர். உலகத்தில் பாதிப் பேருக்கு மாதாமாதம் நடக்கிற காரியத்துக்கு அவர்களிடம் ஒரு சொல் இல்லை! கடைசியில் அடைக்கலம் ஆஸ்பத்திரிக்குப் போய், கம்பவுண்டர் ஒருவரை ஓரமாகக் கூப்பிட்டு, தனக்கு ஏதோ வியாதி மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவர் கடகடவென்று சிரித்துவிட்டார். “மென்சஸ். இதுக்கா ஸார் இந்தப் பாடு? நாங்க ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எழுதுறோம். எழுதிக்குங்க, எழுத்துக்கூட்டிச் சொல்றேன்.”

எழுதிக்கொண்டார். பிரமாணப் பத்திரத்தில் அந்தச் சொல்லை மூன்று இடத்தில் போட்டார். வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லையில் குச்சு, குச்சிலிருந்து பார்த்தால் வேலி என்று எல்லாவற்றையும் எழுதினார். நான் தெரிந்தே மறைத்தேன், வெட்கப்பட்டு மறைத்தேன், இந்தப் பெண் சொன்னது அத்தனையும் சத்தியம் என்றும் எழுதினார். வேலை போனால் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டபோது, தண்டனைக்குப் பதினோரு நாள் இருந்தது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தீர்ப்புக்குப் பிறகு, அதுவும் எழுதினவனே வந்து, இந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் என்று சொல்வது ஃபார்-ஃபெட்ச்டு என்று எழுதி மனுவைத் தள்ளியிருந்தார்கள். வெகு தூரத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்த சமாதானம் என்று அதற்குப் பொருள். தூரத்துக்கு இங்கிலீஷ்காரன் இப்படியும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறான் என்று அடைக்கலத்துக்குத் தெரியும். அன்றைக்கு அதைப் படித்தபோது அந்தப் பாஷையே வேண்டாம் என்று இருந்தது.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை இருளாண்டியைத் தூக்கில் போட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, வழக்கில் பிடித்து வைத்திருந்த சாமான்களைத் திருப்பி வாங்க செங்கமலம் கோர்ட்டுக்கு வந்தாள். அவனுடைய தலைத்துண்டு ஒன்று, ஒரு சுருக்குப் பை, அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு போகாமல் வாசல் வேப்பமரத்தடியில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஐயா, நான் கொல்லையிலதான் இருந்தேன்னு சொன்னேனே, நான் ஊருலயே இல்லைன்னு எப்புடிங்க எழுதுனாக?” ஒருவன் கையை உதறிவிட்டுப் போனான். இன்னொருவன் பைத்தியம் என்றான். பதில் தெரிந்தவர் ஒரே ஒரு ஆள்தான் அந்தக் கட்டடத்தில் இருந்தார். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் நிற்பது? இறங்கி வந்தார்.

“தாயி, அதை எழுதினவன் நான்தான்” என்று ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தூரம் என்பதற்கு இங்கிலீஷில் தூரம் என்றே எழுதியதையும், அது மேலே போய் என்ன ஆயிற்று என்பதையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலையில் அடித்துக்கொள்வாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

அவள் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். “எம் பிள்ளைகள எம் மாமியா தூக்கிக்கிட்டுப் போயிருச்சு. ஊர்ல ஒருத்தரும் எனக்குத் தண்ணி குடுக்கிறதில்ல. எங்கிட்டோ எவங்கூடவோ போயிருந்தேனாம், அதுனாலதான் அவுகளைக் காப்பாத்த முடியலையாம். எங்க ஊருக்கு வந்து, எல்லாரு முன்னாடியும் இதைச் சொல்லுவீகளா?” என்றாள்.

“வாரேன்” என்றார் அடைக்கலம்.

வெள்ளிக்கிழமை இலுப்பூர் பஸ்ஸில் போய் இறங்கி, பொட்டல் வழியே நடந்து போனார். ஐயனார் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. கச்சேரி ஆள் வருகிறார் என்று கேட்டு ஆம்பிளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். முத்துமாரி பேரப்பிள்ளைகள் இரண்டையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். செங்கமலத்தை ஒட்டி ஒருவரும் நிற்கவில்லை.

அடைக்கலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. இந்த அம்மாள் அன்றைய தினம் வீட்டு வழக்கத்தை அனுசரித்து... அதாவது பெண்களுக்கு இயற்கையாக உள்ள ஒரு காரணத்தினால்... சற்று ஒதுங்கி இருந்ததை...” என்று இழுத்தார். கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னங்க சொல்றாரு?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

“சுத்தி வளைக்காதீங்க” என்றாள் செங்கமலம். “நான் அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அன்றைக்கு இந்த அம்மா வீட்டுக்குத் தூரம். மூணாம் நாள். வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. கொல்லைக் குச்சுக்குள்ளே உட்கார்ந்திருந்தாள். அதனாலேதான் இருளாண்டி சோறு காய்ச்சினான். இவள் கண் முன்னால்தான் அவன் வேலி கட்டிக்கொண்டிருந்தான். அதை இவள் கோர்ட்டில் இதே மாதிரிச் சொன்னாள். நான்தான் வேறு மாதிரி எழுதிவிட்டேன்” என்றார்.

ஒரு ஆளும் சிரிக்கவில்லை. ஆம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள். முத்துமாரி, “ஐயோ, எம் மவனே!” என்று மாரில் அடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அவள் கை விட்டதும் பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து செங்கமலத்தின் காலைக் கட்டிக்கொண்டன.

அவள் சின்னதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது, ஆனாலும் முந்தானையால் முகத்தை மூடவில்லை. அடைக்கலத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

“அத்தனை ஆம்பளைக பல்லைக் காட்டிச் சிரிக்கையில, அவுக உசுரு தங்குனாப் போதும்னு நான் வெக்கத்தை விட்டுச் சொன்னேன் ஐயா. அதை எழுதுறதுக்கு ஒங்களுக்கு வெக்கமா இருந்துச்சா?”